ஒன்பதாம் புள்ளி

ஒன்பது. ஒன்பதை மட்டும் பார்த்தால் போதும், மற்றது எதுவும் எனக்கு வேண்டியதில்லை. இடது கையை மல்லாத்தி ஒரு சின்னத் தலையணைமேல் வைத்திருக்கிறார்கள். முழங்கைக்குக் கீழே தொடங்கி மணிக்கட்டு வரை இரண்டு வரிசை, வரிசைக்கு ஆறாகப் பன்னிரண்டு எண்கள். நீலப் பேனாவால் எண் எழுதி, எண்ணுக்கு ஒரு சொட்டு மருந்து விட்டு, சொட்டின் நடுவில் ஊசிமுனையால் ஒரு குத்துக் குத்தி, பஞ்சால் ஒற்றியெடுத்தாள் நர்ஸ் முப்பிடாதி. எது தடித்துச் சிவக்கிறதோ அதுதான் நாலு வருஷமாக என் மூக்கில் ஏறி உட்கார்ந்திருப்பது. குத்தும்போதே பேர் சொல்லிக்கொண்டு வந்தாள். ஒன்று வெறும் உப்புத் தண்ணீர், இரண்டு கட்டாயம் தடிக்க வேண்டிய மருந்து, அது தடிக்காவிட்டால் சோதனையே செல்லாது, பிறகு வீட்டுத் தூசி, கரப்பான், பூனை, சவுக்கு, வேம்பு, தென்னை என்று என்னவெல்லாமோ. என் காது காத்திருந்தது ஒரே பேருக்குத்தான். "ஒம்பது, புங்க" என்றாள். மெல்லிய ஒரு குத்து. வலிக்கவே இல்லை, வலித்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன். "இருவது நிமிசம் கைய அசைக்காம இருக்கணும் கேட்டியளா. அரிக்கும். அரிச்சா ஊதிக்கிடுங்க, சொறியப்பிடாது. சொறிஞ்சா பூராவும் பாழு, திரும்ப மொதல்ல இருந்து." தக்காளிப் பழம் மாதிரி ஒரு கடிகாரத்தைத் திருகி மேஜைமேல் வைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டாள். தக்காளி டக்டக்கென்று அடிக்கிறது. திரும்ப முதலிலிருந்தா, அது நடக்காது. இந்தச் சோதனைக்காக ஏழு நாள் மாத்திரையை நிறுத்தச் சொன்னார்கள், ஏழு நாளும் நான் பட்டது எனக்குத்தான் தெரியும். மூக்கிலிருந்து தண்ணீர் குழாய் ஒழுகுகிற மாதிரி ஒழுகியது, கண் இரண்டும் கோவைப்பழமாகிவிட்டது, என் வீட்டுக்காரர் தலையணையைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்குப் போய்விட்டார். எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன், எதற்கு, ஒரு பேப்பருக்கு. இன்னாருக்குப் புங்கம்பூவால்தான் தும்மல் வருகிறது என்று டாக்டர் கையெழுத்துப் போட்ட ஒரு பேப்பர். அதைக் கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டு வயலட்டக்கா முகத்துக்கு நேரே நீட்ட வேண்டும்.

அவள்தானே கேட்டாள். போன சனிக்கிழமைக்கு முந்தின சனிக்கிழமை பாடகர் குழுப் பயிற்சியில், கோவில் பக்கத்து அறையில், ஆல்டோ நாலு பேர் சோப்ரானோ ஆறு பேர் ஆண்கள் ஏழு பேர் எல்லாரும் இருக்கும்போது, நான் தும்மித் தும்மிக் களைத்துப்போய் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். எல்லாம் ஒங்க மரத்தாலதான்க்கா என்று சொன்னேன். அவள் கோபப்பட்டிருக்கலாம், நான் அதைத்தான் எதிர்பார்த்தேன், கோபப்பட்டால் நானும் நாலு வார்த்தை சொல்லியிருப்பேன். அவள் கோபப்படுகிற ஜாதி இல்லை. "மரத்தாலதான்னு டாக்டர் எழுதித் தரட்டும் சீலி. நானே ஆளக் கூப்புட்டு எறக்கிருதேன்" என்றாள், அந்தப் பதமான குரலில், குழந்தைக்குப் பால் ஆற்றுகிற மாதிரி. எல்லாரும் அவளை என்ன மாதிரிப் பார்த்தார்கள் தெரியுமா. புருஷன் வைத்த மரத்தை வெட்டத் துணிந்த புண்ணியவதி. நான் ஏதோ குடிகேடி. மாஸ்டர் சாலமோன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "பெரிய வெள்ளிக்கு யார் பாடுததுன்னு அடுத்த மாசம் பாத்துக்கிடலாம்" என்றார். பார்ப்பதற்கு என்ன இருக்கிறது. இருபத்திரண்டு வருஷம் பெரிய வெள்ளிக்கிழமை மும்மணி ஆராதனையில் சிலுவையின் முதல் வார்த்தைக்குப் பிறகு வருகிற பாட்டை நான்தான் தனியாகப் பாடினேன். வெள்ளைச் சேலை கட்டி, ஆர்கன் மெதுவாக எழும்ப, ஆயிரம் பேர் விசிறுவதை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருக்க. அது என் பாட்டு. அந்த முதல் வார்த்தை மன்னிப்பைப் பற்றியது என்று எனக்கும் தெரியும், யாரும் எடுத்துச் சொல்ல வேண்டாம். லெந்து நோன்பு நாட்களில் ஒருவேளை உபவாசம் இருந்துகொண்டு ஒரு மரத்தை எப்படிக் கொல்லலாம் என்று யோசிக்கிறவள் நான். நல்லவள் என்று எங்கேயும் எழுதிக் கொடுக்கவில்லையே.

நாலு வருஷத்துக்கு முன்னால் அந்தப் பெரிய வெள்ளிக்கிழமையை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது. முதல் அடியை எடுத்தேன், நன்றாகத்தான் எடுத்தேன், இரண்டாம் அடியில் மேலே போகிற இடத்தில் மூக்கின் உச்சியில் ஒரு நெல் உமி சுழல்கிற மாதிரி இருந்தது. விழுங்கப் பார்த்தேன். அடக்கினால் தும்மல் அடங்குமா. மைக்கில் நேரே, ஒன்று, இரண்டு, மூன்று, பதினொன்று. பதினொன்றையும் நான் எண்ணினேன், ஆயிரம் பேரும் எண்ணியிருப்பார்கள். ஆர்கன் சுற்றிச் சுற்றி அதே இடத்தில் நின்றது. மாஸ்டர் என்னைப் பார்த்தார், பிறகு எனக்குப் பின்னால் பார்த்தார், அந்தப் பார்வை என் தோளைத் தாண்டிப் போனது இருக்கிறதே, அதைத்தான் மறக்க முடியவில்லை. பின்னாலிருந்து வயலட்டக்காவின் குரல் எழும்பியது. என் அடியிலிருந்து, நான் விட்ட சொல்லிலிருந்து. ஒரு கையை என் முதுகில் வைத்து மெதுவாகத் தடவிக்கொண்டே பாடினாள். தடவாமல் பாடியிருந்தால்கூட ஒருவேளை மன்னித்திருப்பேன். ஆராதனை முடிந்து வெளியே வந்தால், "ஆனைக்கும் அடி சறுக்கும்லா சீலி" என்று ஆறுதல் சொன்னவர்கள் அடுத்த மூச்சில், "வயலட்டு என்னமாப் பாடுனா" என்றார்கள். அடுத்த வருஷம் அவள், அதற்கடுத்த வருஷம் அவள், போன வருஷமும் அவள். மாசி பிறந்தால் எனக்கு மூக்கு அடைக்கும், சித்திரையில் திறக்கும். பெரிய வெள்ளிக்கிழமை எப்போதும் அதற்குள்தான் வந்து விழும். இதை யாராவது தற்செயல் என்று சொன்னால் நம்புகிறவள் நான் இல்லை. அவளுடைய காம்பவுண்டுச் சுவரை ஒட்டி, என் படுக்கையறை ஜன்னலுக்கு நேரே, அந்தப் புங்க மரம். மரம் பூக்கிறது, நான் வாயை மூடுகிறேன், அவள் வாயைத் திறக்கிறாள்.

அரிக்கிறது. எங்கே அரிக்கிறது. முதல் வரிசையில்தான், மணிக்கட்டுப் பக்கம், குனிந்து பார்க்கக் கூடாது என்று இல்லை, பார்க்கிறேன். இரண்டு தடித்துவிட்டது, அது தடிக்க வேண்டியதுதான். ஆறும் சிவந்திருக்கிறது. ஆறு என்ன சொன்னாள், கரப்பானா, பூனையா, என்னவோ போகட்டும். ஒன்பது பேசாமல் இருக்கிறது. ஊசி குத்திய ஒரு புள்ளி, கொசு கடித்த அளவுகூட இல்லை. பொறு, இன்னும் நேரம் இருக்கிறது, தக்காளியில் பதினாலு நிமிஷம் காட்டுகிறது. ஊதிக்கொள்ளச் சொன்னாள், ஊதுகிறேன், ஊதினால் தும்மல் வருகிறது, வலது கையால் மூக்கைப் பிடித்துக்கொள்கிறேன். வயலட்டக்கா கஷாயம் கொண்டுவருவாள். துளசி, மிளகு, சித்தரத்தை, பனங்கருப்பட்டி, ஒரு எவர்சில்வர் டம்ளரில், மேலே ஒரு தட்டு மூடி, சுவருக்கு மேலே எக்கி நீட்டுவாள். "சூடு ஆறதுக்குள்ள குடிச்சிரு." மாசி முழுக்க, பங்குனி முழுக்க, தினமும். ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதை. வாங்கிக்கொண்டு, "எதுக்குக்கா ஒங்களுக்கு சிரமம்" என்று சொல்லிவிட்டு, அவள் தலை மறைந்ததும் செம்பருத்தித் தொட்டியில் ஊற்றுவேன். செம்பருத்தி கொழுத்துப் போய் நிற்கிறது. டம்ளரைக் கழுவித் திருப்பிக் கொடுக்கும்போது, "நல்லாருந்துச்சுக்கா" என்பேன். மரத்தில் துளை போட்டுப் பெருங்காயம் வைத்தால் மரம் பட்டுப்போகும் என்று எல்லாருக்கும் தெரியும். போன வருஷம் கட்டிப் பெருங்காயம் ஒரு டப்பா வாங்கினேன். என் வீட்டுக்காரர் மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றபோது கொண்டுவந்த துளைபோடும் மிஷின் அலமாரியில் சும்மாதான் கிடந்தது. ஒரு மத்தியானம், அவள் பெண்கள் ஐக்கியக் கூட்டத்துக்குப் போயிருப்பாள் என்று கணக்குப் போட்டு, ஸ்டூலை இழுத்துப்போட்டு ஏறி, சுவருக்கு அந்தப் பக்கம் கையை நீட்டி, மரத்தின் பட்டையைத் தொட்டுவிட்டேன். தொட்டதும் உள்ளேயிருந்து பாட்டு. கூட்டத்துக்குப் போகவில்லை, வீட்டில் உட்கார்ந்து என் பாட்டைப் பழகிக்கொண்டிருக்கிறாள். மேலே போகிற இடத்தில் அவளுக்கு எட்டவில்லை, உடைந்தது, திரும்ப எடுத்தாள், திரும்ப உடைந்தது. நான் ஸ்டூல்மேல் நின்று கேட்டுக்கொண்டே இருந்தேன், எவ்வளவு நேரம் என்று தெரியாது. அவளுக்கு எட்டாத இடம் எனக்கு எட்டும் என்று அப்போது பட்ட சந்தோஷத்தில் இறங்கிவிட்டேன். பெருங்காயத்தை ரசத்தில் போட்டுத்தான் தீர்த்தோம்.

இந்த டாக்டர் ஆயிஷா பர்வீன், மேலப்பாளையத்துப் பிள்ளை, என் மகளைவிட இரண்டு வயது மூத்திருந்தால் அதிகம், போன தடவை வந்தபோது ஒரு பெரிய பட்டியலே சொன்னாள். காலையில் பத்து மணி வரை ஜன்னலைச் சாத்தி வைக்க வேண்டும், வெளியே போய்விட்டு வந்தால் தலைக்கு ஊற்ற வேண்டும், உப்புத் தண்ணீரால் மூக்கைக் கழுவ வேண்டும், பூக்கிற காலத்தில் துணியை வெளியே காயப்போடக் கூடாது. நான் சொன்ன பேச்சைக் கேட்கிறவள்தான். வயலட்டக்கா வீட்டைப் பார்த்த ஜன்னல் நாலையும் சாத்தி, இடுக்கில் பழைய சேலையைக் கிழித்து அடைத்து வைத்துவிட்டேன். மூச்சு முட்டக் கூடாதே என்று இந்தப் பக்கத்து ஜன்னலை, எங்கள் முற்றத்துப் பக்கம், இராப்பகலாகத் திறந்து போட்டிருக்கிறேன். துணியும் அவள் பக்கம் போடுவதில்லை. முற்றத்தில் எங்கள் சவுக்குக்கும் குளியலறைச் சுவருக்கும் குறுக்கே கொடி கட்டி அதில்தான் போடுகிறேன், கைக்குட்டைகள் மட்டும் ஒரு நாளைக்குப் பதினைந்து. அவ்வளவு செய்தும் கைக்குட்டையை எடுத்தால் மஞ்சள் பொடி, கொடியில் பொடி, ஸ்கூட்டர் சீட்டில் பொடி. அவள் மரத்துக்கு என் வீட்டைச் சுற்றி வந்து பொடி தூவத் தெரிகிறது. புங்கம்பூ பங்குனியில்தானே பூக்கும், உனக்கு மாசி பிறந்ததுமே தும்மல் வருகிறதே என்று என் வீட்டுக்காரர் ஒரு நாள் கேட்டார். மொட்டுக்குள்ளேயே விஷம் இருக்காதா என்று நான் திருப்பிக் கேட்டேன். "ஏட்டி, மரத்துக்கிட்டயா பகை" என்று சிரித்துக்கொண்டு போய்விட்டார். அவருக்கு எல்லாம் சிரிப்பு. அவர் ஒழுங்காகச் செய்கிற ஒரே காரியம் டிசம்பரில் சவுக்கில் ஏறி நட்சத்திரம் கட்டுவது. ஊரெல்லாம் கிறிஸ்துமஸுக்குச் சவுக்குக் கொப்பு வெட்டிக்கொண்டுவந்து வாளி மணலில் நட்டுப் பத்தே நாளில் காயவிட்டுக் குப்பையில் போடுகிறது. நான்தான் ஒன்பது வருஷத்துக்கு முன்னால் கன்று வாங்கி முற்றத்தில் வைத்தேன். உயிரோடு நிற்கிற கிறிஸ்துமஸ் மரம் எங்கள் தெருவில் ஒன்றுதான். மாடிக்கு மேலே போய்விட்டது. ஒவ்வொரு டிசம்பரும் பிள்ளைகள் கூட்டமாக வந்து நிமிர்ந்து பார்க்கும், வயலட்டக்காவும் வந்து பார்ப்பாள். பொறாமை இல்லாத மாதிரி முகத்தை வைத்துக்கொள்ள அவளுக்கு நன்றாகத் தெரியும். அந்த ஒன்றில் மட்டும் அவளை ஜெயித்திருக்கிறேன்.

ஆறு கொதிக்கிறது. சப்பாத்தி மாவு உப்புகிற மாதிரி எழும்பி விட்டது, சுற்றிலும் ஒரு ரூபாய் அளவுக்குச் சிவப்பு. ஒன்பது அப்படியே. எப்படி. இன்னும் பதினோரு நிமிஷம் இருக்கிறது, சிலருக்கு மெதுவாக எழும்பும் என்று முப்பிடாதி சொன்னாளே, அல்லது நான் அப்படிக் கேட்டுக்கொண்டேனா. எழும்பு. நாலு வருஷமாக என்னைக் கொன்றாயே, இப்போது வா, டாக்டர் அளக்கப் போகிறாள், இப்போது ஏன் ஒளிகிறாய். பேப்பரை எப்படிக் கொடுக்க வேண்டும் என்றுகூட யோசித்து வைத்திருக்கிறேன். வீட்டில் வைத்துக் கொடுக்கக் கூடாது, பயிற்சி அறையில்தான், எல்லாரும் இருக்கும்போது. நான் வாசிக்க மாட்டேன், மாஸ்டரை வாசிக்கச் சொல்வேன். அவள் முகம் ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, கீழே விழ வேண்டும். மரத்தை வெட்டுகிற அன்று ஜன்னலில் அடைத்த சேலைத் துணியையெல்லாம் உருவி, நாற்காலி போட்டு உட்கார்ந்து, முதல் கொப்பிலிருந்து கடைசி வேர் வரை பார்க்க வேண்டும். சாயங்காலம் அவள் அந்த மரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்காருவாள், புருஷன் ராஜமணி அண்ணன் போன பிறகு தினமும், ஒன்றும் செய்யாமல் சும்மா உட்காருவாள். அந்த நாற்காலியை எங்கே போடுவாள் என்று பார்க்க வேண்டும். அவள் என்னிடம் வந்து, மன்னிச்சிரு சீலி என்பாள். பரவால்லக்கா என்பேன். எந்தக் குரலில் சொல்வேன் என்றுகூடத் தெரியும், அவள் என் முதுகைத் தடவினாளே, அந்தத் தடவலின் குரலில். ஆனால் ஒன்பது எழும்பவில்லை என்றால். எழும்பவில்லை என்றால் அது மரம் இல்லை. மரம் இல்லை என்றால் வேறு என்ன, எனக்கு ஐம்பத்து மூன்று ஆகிறது, குரல் போகிற வயது, மூக்குப் பேரைச் சொல்லிக்கொண்டு தொண்டை மெல்ல மெல்ல மூடிக்கொண்டு வருகிறதோ, மாஸ்டர் என் தோளைத் தாண்டிப் பார்த்தது தும்மலுக்காக மட்டும்தானா, அதற்கு முந்தின வருஷமே மேல் இடத்தில் ஒரு நூல் பிசகியது, அன்றைக்குத் தும்மல் இல்லை, யாரும் கவனிக்கவில்லை, நான் கவனித்தேன். இல்லை. மரம்தான். மரமாகத்தான் இருக்க வேண்டும். கெடுவான் கேடு நினைப்பான் என்று என் அம்மா சொல்வாள், கெடட்டும், அவள்தானே கெட வேண்டும்.

கைப்பையில் போன் துடிக்கிறது. வலது கையால் துழாவி எடுத்தால் வயலட்டக்கா. எடுக்காமல் விடலாம், ஆனால் அவளுடைய குரலைக் கேட்டுக்கொண்டே ஒன்பதைப் பார்த்தால் ஒருவேளை எழும்பும் என்று ஒரு பைத்தியக்கார நினைப்பு. "ஏட்டி சீலி, டெஸ்டு முடிஞ்சா?" இன்னும் ஒம்பது நிமிசம் இருக்குக்கா என்றேன். "சரி கேளு. மரத்த எறக்கியாச்சு." எனக்குப் புரியவில்லை, எந்த மரத்தைக்கா என்று கேட்டேன், கேட்கும்போதே புரிந்துவிட்டது. "நீ ஆட்டோ ஏறுன பொறவு ஆள் வரச்சொன்னேன். நீ இருந்தா பாவம், வேண்டாம்னு சொல்லுவேல்லா, அதான். மிஷின வச்சு ஒரு மணி நேரத்துல முடிச்சிட்டாவ." நான் வேண்டாம் என்று சொல்வேனாம். பேப்பரு இன்னும் வரலையேக்கா என்றேன். "பேப்பர் கெடக்கட்டும். ஏழு நாளா மாத்தர இல்லாம நீ கெடந்து தும்முதது என் ரூமு வரைக்கும் கேக்கு. எனக்கு நெஞ்ச அடைக்கி. அன்னைக்கு எல்லாரு முன்னாலயும் எழுதி வாங்கிட்டு வான்னு ஒன்னயச் சொல்லிட்டேன், அதுக்கப்பொறம் எனக்குத் தூக்கமே இல்ல. அவரு இருந்தா அவரே வெட்டிருப்பாரு." மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது, அவளுக்கு அலர்ஜி கிடையாது. "பெரிய வெள்ளிக்கு நீதான் பாடுத. மாஸ்டர்ட்ட சொல்லியாச்சு. மேல போற எடம் எனக்கு எட்டாது, ஒனக்குத் தெரியாததா." தெரியும், ஸ்டூல்மேல் நின்று கேட்டவள்தானே. "மாடியில நின்னுதான் பேசுதேன். புங்க போனதும் வெயிலு அப்படியே அடிக்கி. ஒங்க சவுக்கு இப்பந்தான் முழுசாத் தெரியுது சீலி. காத்துக்கு ஆடுதது, பாக்க எம்புட்டு அழகு." சரிக்கா, நர்ஸ் வாராவ என்று பொய் சொல்லி வைத்துவிட்டேன்.

இப்படிக்கூட ஒருத்தியால் ஒருத்தியைத் தோற்கடிக்க முடியுமா. நான் கேட்டு வாங்கியிருக்க வேண்டியது. பேப்பரை நீட்டி, முகம் விழப் பார்த்து, கொப்புக் கொப்பாக என் கண்ணுக்கு முன்னால் சாய்க்க வேண்டியதை, நான் இல்லாத நேரம் பார்த்து ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டுத் தானமாகத் தூக்கிக் கொடுக்கிறாள். பாட்டையும் தருகிறாள். அவள் தந்து நான் பாட வேண்டும். ஆயிரம் பேருக்கும் தெரியும், புருஷன் வைத்த மரத்தையே வெட்டினாளாம் வயலட்டு, இவ பாடணும்னுட்டு. நான் எந்த அடியைப் பாடினாலும் அவர்கள் காதில் அந்த மரம்தான் விழும். சரி, அந்த மரம் குற்றவாளி என்றால் அதையாவது சகித்துக்கொள்ளலாம். கொலைகாரனைப் பிடித்துக் கொடுத்ததற்கு நன்றி எதற்கு, கடமைதானே என்று இருந்துவிடலாம். ஒன்பதைப் பார்க்கிறேன். ஒன்றும் இல்லை. முதல் வரிசையில் இருக்கிற வெறும் உப்புத் தண்ணீர் ஒன்றாம் எண் எப்படி இருக்கிறதோ அப்படியே இருக்கிறது. ஆறு மட்டும் தீயாக எரிகிறது, எரியட்டும். ஐந்து நிமிஷம். கதவு ஒருக்களித்திருக்கிறது, முப்பிடாதி யாரிடமோ சிரித்துப் பேசுவது கேட்கிறது. பூண்டு உரிப்பதற்காக வலது கட்டைவிரல் நகத்தை மட்டும் நான் வெட்டுவதில்லை. கொள்ளிக்கட்டையால் தலையைச் சொறிந்துகொள்வதாகச் சொல்வார்கள், அரிக்கிற இடத்தை விட்டுவிட்டு அரிக்காத இடத்தைச் சொறிகிறவளுக்கு என்ன பழமொழி என்று தெரியவில்லை. நகத்தை ஒன்பதின்மேல் வைத்தேன். முதலில் அழுத்தினேன், பிறகு இழுத்தேன், மூன்று தடவை, நாலு தடவை. மெல்ல ஒரு சிவப்பு வந்தது. வா, இன்னும் வா. நீ செய்யவில்லை என்றாலும் நீதான் செய்தாய். வயலட்டக்கா அழுதது காதுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது, அதையும் சேர்த்து இழுத்தேன். தக்காளி மணியடித்தது.

டாக்டர் ஒரு கண்ணாடி ஸ்கேலோடு வந்து எதிரே உட்கார்ந்தாள். முப்பிடாதி பின்னால் நின்று எழுதத் தயாரானாள்.

"ரெண்டு நல்லாத் தடிச்சிருக்கு, சோதனை சரி. மூணு இல்ல, நாலு இல்ல, அஞ்சு இல்ல. ஆறு..." ஸ்கேலை வைத்தாள். "பதினோரு மில்லிமீட்டர். இவ்வளவு பெருசா இருக்கே, எப்படிம்மா பொறுத்துக்கிட்டு இருந்தீங்க."

"ஒம்பது பாருங்க டாக்டர்" என்றேன்.

குனிந்து பார்த்தாள். விளக்கை இழுத்து வைத்து மறுபடியும் பார்த்தாள். "இதத் தொட்டீங்களா?"

"இல்ல."

"கோடு கோடா இருக்கும்மா. நகம் பட்டாத்தான் இப்படி இருக்கும். அலர்ஜின்னா கொப்புளமா எழும்பும், இதுல எழும்பவே இல்ல." என்னைக் கோபிக்கவில்லை, அதற்குக்கூட நான் தகுதியில்லை என்கிற மாதிரி அடுத்த எண்ணுக்குப் போய்விட்டாள். பன்னிரண்டும் முடிந்த பிறகுதான் நிமிர்ந்தாள். "புங்க ஒங்கள ஒண்ணும் செய்யல. அந்தப் பூவுல இருக்க பொடி பிசுபிசுன்னு ஒட்டும், தேனீ வந்துதான் எடுத்துக்கிட்டுப் போகணும். கண்ணுக்குத் தெரியுற பூ அதிகமா ஏமாத்தும். ஒங்களுக்கு ஆறுதான். சவுக்கு. அதுல பூ இருக்கதே நமக்குத் தெரியாது. மாசி பங்குனியில பொடியாக் கொட்டி, காத்துல வரும்."

முப்பிடாதி பஞ்சில் ஏதோ தொட்டு என் கையிலிருந்த எண்களை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டு வந்தாள். ஒன்பது லேசில் அழியவில்லை, என் நகக்கோட்டின்மேல் ஸ்பிரிட் பட்டுச் சுரீரென்றது. நட்சத்திரம் கட்டுகிற கொப்பு. கொடி. ஒரு நாளைக்குப் பதினைந்து கைக்குட்டை. இராப்பகலாகத் திறந்து போட்ட ஜன்னல். இன்றைக்குச் சாயங்காலம் வயலட்டக்கா வெயிலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து எங்கள் சவுக்கைப் பார்ப்பாள். டம்ளரோடு சுவருக்கு மேலே எட்டி, டாக்டர் என்ன சொன்னாவ சீலி என்று கேட்பாள்.

"வீட்டுப் பக்கம் எங்கயாவது சவுக்கு நிக்குதாம்மா?" என்று கேட்டாள் டாக்டர்.

"நிக்கி" என்றேன். "பக்கத்து வீட்டுல."

"அப்ப சொல்லிப் பாருங்களேன். ஒரு மரந்தானே, ஒங்க கஷ்டத்தச் சொன்னா வெட்டிருவாங்க."

"அவ வெட்ட மாட்டா டாக்டர். பொல்லாத பொம்பள. நாலு வருசமாப் பாக்கேன்."